உருளைக்கிழங்கு எங்கள் நாயான வாரம்

ஓர் உருளைக்கிழங்கு எப்படி நாயாக முடியும்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் என் சித்தி. அவருடைய ஒரு கையில் துடைப்பம் இருந்தது, இன்னொரு கையில் என் போன். போனில் மரபணு ஆய்வகம் அனுப்பிய அறிக்கை திறந்திருந்தது. நாங்கள் அனுப்பிய உருளைக்கிழங்கு தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீதம் எங்கள் வீட்டு நாய்தான் என்று அதில் போட்டிருந்தது. நான் பள்ளிப் படிப்பை முடித்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. உயிரியலில் நல்ல மதிப்பெண் வேறு.

"யோசிச்சு சொல்றேன் சித்தி" என்றேன்.

"யோசி. ஞாயித்துக்கிழமைக்குள்ள யோசி" என்றார் சித்தி.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏன் அவ்வளவு முக்கியம் என்பது புரிய வேண்டுமானால், முதலில் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சித்தி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டுகளைச் சுத்தம் செய்கிறார். ஆறு மாடி, நாற்பத்தெட்டு வீடு, பதினோரு வருடம். தினமும் ஆறாம் மாடியில் ஆரம்பித்துக் கீழே வருவார். "அழுக்கு மேலேருந்து கீழதான் வருது, அது பின்னாடியே நாமளும் வரணும்" என்பார். அவருக்கு நாற்பத்தெட்டு வீட்டு விஷயமும் தெரியும். யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தாலே போதும்.

"நாலாம் மாடி மூணாவது வீட்டுல சண்டை" என்பார் திடீரென்று.

"எப்படித் தெரியும் சித்தி?"

"ரெண்டு பேர் செருப்பும் ஆளுக்கொரு பக்கம் பாத்துட்டுக் கிடக்கு."

மாலையில் பார்த்தால் அந்த வீட்டு அண்ணன் தனியாக மொட்டை மாடியில் நின்றுகொண்டிருப்பார்.

சித்தப்பா அதே கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் ஓட்டுகிறார். மோட்டார் சத்தத்தில் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் எல்லாவற்றையும் உரக்கப் பேசுவார், ரகசியத்தையும். தரைத்தளத்தில் மோட்டார் அறைக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை. ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஒரு சின்ன ஃபிரிட்ஜ், இடது பக்கம் மட்டும் திரும்பும் ஒரு மேசை விசிறி. அப்பாவும் அம்மாவும் வேறு ஊரில் வேலை செய்வதால், அடுத்து என்ன படிப்பது என்று முடிவாகும்வரை நான் அங்கே தங்கியிருந்தேன்.

அந்த அறையில் நாலாவதாக இருந்தவன் மேனேஜர். மேனேஜர் எங்கள் நாய்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. கதவை நெம்பித் திறந்து பார்த்தால் உள்ளே மனிதர் யாரும் இல்லை, ஒரு நாய்க்குட்டி மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. யாருடையது என்று கேட்டதற்கு நாற்பத்தெட்டு வீட்டிலும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டார்கள். சித்தி எடுத்துக்கொண்டார். நாள் முழுவதும் படுத்தபடியே மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான், இடையிடையே ஒரு பெருமூச்சு விடுவான். அதனால் சித்தப்பா அவனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். கட்டிலுக்கு அடியில்தான் அவனுடைய அலுவலகம்.

அவன் அன்று முதல் லிஃப்ட் பக்கமே போனதில்லை. இரண்டு வருடமாக இடுப்பெலும்பும் சரியில்லை, ஒரு படிகூட ஏற முடியாது. காலையும் மாலையும் சித்திதான் அவனைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கச் சுவர் ஓரம் விட்டு, திரும்பத் தூக்கிக்கொண்டு வருவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டடத்தில் மேனேஜரையும் சேர்த்துப் பதினாலு நாய்கள். அவற்றில் ஏதோ ஒன்று படிக்கட்டில் அசிங்கம் செய்துகொண்டே இருந்தது. ஏதோ ஒன்று என்று நான்தான் சொல்கிறேன், சித்தி அப்படிச் சொல்லவில்லை. ஆறாம் மாடியில் குடியிருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"சார், இது உங்க வீட்டு நாயோடது."

செயலாளர் ஒரு பெரிய நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு நாய்க்குப் பஞ்சு என்று பெயர். சுருட்டை முடி, வாரம் இரண்டு முறை ஷாம்பு குளியல்.

"எதை வெச்சும்மா சொல்ற?"

"பதினோரு வருஷமா அள்றேன் சார்."

"அனுபவமெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா. டேட்டா வேணும், டேட்டா."

டேட்டா வந்தது. செயலாளர் ஒரு மரபணு ஆய்வகத்தோடு ஒப்பந்தம் போட்டார். பதினாலு நாய்களின் வாயிலும் பஞ்சுக் குச்சியால் தடவி, எச்சிலை அனுப்பி, மரபணுவைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். பிறகு படிக்கட்டில் எங்கே அசிங்கம் கிடந்தாலும் அதைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு, டியூபில் போட்டு அனுப்பினால், கணினி இரண்டையும் ஒப்பிட்டு எந்த நாய் என்று சொல்லிவிடும். ஒரே மாதத்தில் மூன்று முறை மாட்டும் நாய் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டும். இந்த விதியைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தபோது முதலில் கைதட்டியவர் என் சித்தி.

மாதிரி சேகரிக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது. முழங்கால்வரை தொங்கும் வெள்ளைக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள். அதில் 'மாதிரி சேகரிப்பு அலுவலர்' என்று நீல நூலில் எழுத்து. பதினோரு வருடத்தில் அந்தக் கட்டடம் சித்திக்குக் கொடுத்த முதல் பட்டம் அது. தினமும் துவைத்து, மடித்து, மெத்தைக்கு அடியில் வைத்துப் படுத்துத் தேய்ப்பார்.

"டாக்டரம்மா, சாப்பாடு போடுறீங்களா?" என்று கட்டடத்துக்கே கேட்கும்படி கேட்பார் சித்தப்பா.

"வரிசையில வாங்க" என்பார் சித்தி.

கோட்டில் அலுவலர் என்று எழுதியிருந்தாலும் சித்திக்குப் போனில் தட்டச்சு வராது. அதனால் டியூபில் இருக்கும் கோடுகளை போனில் ஸ்கேன் செய்து, எந்த மாடி என்று பதிவது என் வேலை. முதலில் மேனேஜரின் எச்சிலை எடுத்துப் பழகினோம். அவன் பெயர் ஒன்றாம் எண்ணில் ஏறியது.

கூரியர்காரர் திங்கட்கிழமை மட்டும்தான் வருவார். அதுவரை டியூபுகளைப் பத்திரமாக வைக்க வேண்டும். படிக்கட்டில் எடுத்த முதல் டியூபைச் சித்தி இறுக்கி மூடி ஜன்னலோரம் வைத்தார். மத்தியானம் வெயில் ஏறியதும் 'டப்' என்று மூடி பறந்து போய்க் கண்ணாடியில் அடித்தது.

தூக்கத்திலிருந்து சித்தப்பா துள்ளி எழுந்தார். "என்ன வெடிச்சுது?"

"அஞ்சாம் மாடி" என்றார் சித்தி.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டோம். சித்தப்பா ஃபிரிட்ஜை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஆய்வகம் கொடுத்த தாளை எடுத்து நான் சத்தமாக வாசித்தேன். 'குளிர்ச்சியான, இருட்டான இடத்தில் வைக்கவும்' என்று போட்டிருந்தது. எங்கள் அறையில் அப்படி ஓர் இடம் எது என்று சித்திக்குத் தெரியும். மூடிகளைக் காற்றுப் போகும்படி லேசாகத் திருகி, டியூபுகளை ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் நிற்க வைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

முதல் அறிக்கை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்பது டியூப். இரண்டாம் மாடி, மேனேஜர். நாலாம் மாடி, மேனேஜர். ஆறாம் மாடி, மேனேஜர். ஒன்பதும் மேனேஜர்.

மறுநாள் காலை லிஃப்டுக்குள் அறிவிப்பு ஒட்டியிருந்தது. செயலாளர் எங்கள் அறை வாசலுக்கே வந்தார். சித்தி கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தார்.

"சார், இவன் எழுந்து நின்னாலே எங்க வீட்டுல திருநாள். ஆறாம் மாடிக்கு எப்படி சார் வருவான்?"

"லிஃப்ட்ல வந்திருக்கும்."

"பட்டனை யார் சார் அழுத்துனா?"

செயலாளர் ஒரு நொடி யோசித்தார். "அதையும் விசாரிப்போம்."

"இவனுக்கு லிஃப்டுன்னாலே நடுக்கம் சார். இந்தக் கட்டடத்துக்கே தெரியும்."

"இங்க பாரும்மா, நீ எங்கிட்ட பொய் சொல்லலாம், நான் உங்கிட்ட பொய் சொல்லலாம். கம்ப்யூட்டர் யார்கிட்டயும் பொய் சொல்லாது. விதிக்குக் கைதட்டினதே நீதானே? அடுத்த ஞாயிறு கூட்டத்துல முடிவு சொல்லிடுவோம். ஊருக்கு வெளியில காப்பகம் இருக்கு. அங்க விட்டுடலாம்."

காப்பகத்தில் அவனை யார் இடுப்பில் தூக்கிக்கொண்டு போவார்கள்? சித்தி இதைக் கேட்கவில்லை. உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மேனேஜர் தலையை மட்டும் வெளியே நீட்டி அவர் மடியில் வைத்துப் பெருமூச்சு விட்டான். அன்றைக்கு மூன்றாம் மாடிப் படிக்கட்டு இரண்டு முறை பெருக்கப்பட்டது, இரண்டாம் மாடி பெருக்கப்படவே இல்லை. பதினோரு வருடத்தில் சித்தி அப்படித் தப்பு செய்து யாரும் பார்த்ததில்லை.

அப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எதிர்த்த கடையில் போன் பழுது பார்க்கும் பேட்டரி என்னோடு படித்தவன். எப்போது பார்த்தாலும் பாதி சார்ஜில் இருப்பவன் போலக் கண் சொக்கியிருப்பதால் அந்தப் பெயர். சதி என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் முழு சார்ஜ் ஏறிவிடும். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"ஒரே மரபணு, ஆனா அஞ்சு மாடி. இதுக்கு ஒரே அர்த்தம்தான் இருக்கு. மேனேஜரை நகல் எடுத்துட்டாங்க."

"போடா."

"யோசிச்சுப் பாரு. எச்சிலை அனுப்புனீங்க. எச்சில்ல மரபணு இருக்கு. அதை வெச்சு குளோனிங் பண்ணி, இன்னொரு மேனேஜரை உருவாக்கி, ராத்திரியோட ராத்திரியா படிக்கட்டுல விட்டுட்டாங்க."

"மூணு வாரத்துல எப்படிடா நாய் வளரும்?"

"அதுதான் தொழில்நுட்பம்."

வாய்விட்டுச் சிரிக்க வேண்டிய இடம் இது. நான் சிரிக்கவில்லை. நம்பிவிட்டேன். மொட்டை மாடியில் எப்போதும் பூட்டியிருக்கும் ஓர் அறை உண்டு. உள்ளேயிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வரும். அதுதான் ரகசிய ஆய்வுக்கூடம் என்றான் பேட்டரி. சித்தப்பாவின் சாவிக்கொத்தை எடுத்துப்போய்த் திறந்தோம். சங்கத்தின் உடைந்த நாற்காலிகள் பன்னிரண்டும், ஒரு தேன்கூடும் இருந்தன. பேட்டரியின் இடது காது நாலு நாள் தோசைக்கல் மாதிரி இருந்தது.

"ஆதாரத்தை அழிச்சுட்டாங்க" என்றான் அப்போதும்.

சனிக்கிழமை மத்தியானம் நான் ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசி, கட்டடத்துப் பிள்ளைகளின் குரூப்பில் போட்டேன். 'அவசரம்! உங்க வீட்டு நாயோட எச்சிலை யாருக்கும் கொடுக்காதீங்க! நம்ம பகுதியில நாய்களை நகல் எடுக்குறாங்க! ஏற்கெனவே ஒரு நாய் அஞ்சா இருக்கு!' குரலில் நடுக்கம் வேண்டும் என்பதற்காகப் படிக்கட்டில் ஏறிக்கொண்டே பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவிலிருந்து நாலு பேர் மேனேஜரைப் பார்க்க வந்தார்கள். "இதுதான் ஒரிஜினலா?" என்று கேட்டார்கள். இரண்டாவது மேனேஜரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்ததாக ஒருவர் சாதித்தார், அது அவரைப் பார்த்துக் கண்ணடித்ததாம். திங்கட்கிழமை காலை அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டார்.

"ஏய், நாயை நகல் எடுக்குறாங்களாமே? ஜாக்கிரதையா இரு. யாரோ ஒரு பொண்ணு பேசி அனுப்பியிருக்கா. பாவம், எவ்ளோ பயந்துருக்கா தெரியுமா? குரல்கூட உன்ன மாதிரியே இருக்கு."

"அப்படியாம்மா?" என்றேன். வேறென்ன சொல்வது?

அதற்குள் பேட்டரி அடுத்த யோசனை சொல்லியிருந்தான். நாய் நகல் இல்லையென்றால், கணினி பொய் சொல்கிறது. பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க, நாயே இல்லாத ஒன்றை அனுப்ப வேண்டும். இந்த ஒரு யோசனைக்காக மட்டும் அவனை இன்றும் பாராட்டுவேன். ஞாயிறு மாலை ஓர் உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, பஞ்சுக் குச்சியால் தொட்டு, டியூபில் போட்டேன். சித்தி பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்டபோது உண்மையைச் சொன்னேன்.

"கம்ப்யூட்டருக்குப் பரீட்சை வைக்குறியா?"

"ஆமா சித்தி."

"உப்பு போடாம வை."

'ஏழாம் மாடி' என்று பதிந்தேன். எங்கள் கட்டடத்தில் ஏழாம் மாடியே கிடையாது. மற்ற ஐந்து டியூபுகளோடு அதையும் பெட்டியில் நிற்க வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். திங்கட்கிழமை கூரியர் எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மாலை அறிக்கை வந்தது. ஆறு டியூப், ஆறும் மேனேஜர். ஏழாம் மாடி உட்பட.

சித்தி போனை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான், நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார். பேட்டரியிடம் ஓடினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அப்போ உருளைக்கிழங்குலயும் கைவெச்சுட்டாங்க" என்றான்.

அன்று இரவு சித்தப்பா உருளைக்கிழங்கைத் தொடவில்லை. தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, ஒரு துண்டைப் பார்த்து, "மேனேஜர்?" என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் மெல்லக் கூப்பிட்டது மூன்றாம் மாடிவரை கேட்டிருக்கும்.

சித்தி சிரிக்கவில்லை. மேனேஜரின் பழைய போர்வையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். அதை ஒரு பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவனுடைய தண்ணீர்க் கிண்ணம்.

படுத்தபடி யோசித்தேன். டியூப் எங்கள் கையை விட்டுப் போகும்போது சரியாக இருக்கிறதா? யாராவது எங்கள் அறைக்குள்ளேயே வந்து மாற்றி வைக்கிறார்களா? பகலில் நாங்கள் மூவரும் வெளியே இருக்கும் நேரம் ஒன்று உண்டு, மத்தியானம் மூன்று மணி. சித்தி படிக்கட்டில், சித்தப்பா மோட்டாரில், நான் பேட்டரி கடையில்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் கடைக்குப் போகிறேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பின்பக்கமாக வந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்துகொண்டேன். கையில் போன், கேமரா தயார். ஜன்னல் வழியாகக் கையுறை போட்ட ஒரு கை வரும் என்று எதிர்பார்த்தேன். கையுறைக் கையைப் பிடித்ததும் என்ன வசனம் பேசுவது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன்.

பத்து நிமிடம். இருபது நிமிடம். தும்மல் வந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டேன். விசிறி இடது பக்கம் திரும்பி, அங்கேயே நின்றது. யாரும் வரவில்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. 'சளக், சளக், சளக்.'

சத்தம் ஜன்னலிலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது. மெல்லக் குனிந்து, போன் விளக்கைக் கட்டிலுக்கு அடியில் அடித்தேன்.

மேனேஜர் செருப்புப் பெட்டியை இரண்டு முன்னங்காலுக்கும் நடுவே அணைத்துக்கொண்டு படுத்திருந்தான். வாரம் முழுக்கச் சேர்ந்த ஏழு டியூப். லேசாகத் திருகியிருந்த மூடியை நாக்காலேயே தள்ளுவான். உள்ளே இருக்கும் பஞ்சுக் குச்சியை நிதானமாக ஒரு நக்கு, இரண்டு நக்கு. பிறகு அடுத்த டியூப். கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போடும் அதிகாரி மாதிரி, ஒன்றைக்கூட விடவில்லை. ஏழையும் முடித்துவிட்டு, தாடையைப் பெட்டியின் மேல் வைத்து, பெருமூச்சு விட்டுத் தூங்கிவிட்டான்.

ஏழு வருடத்தில் மேனேஜர் பார்த்த ஒரே வேலை அதுதான்.

சித்தி இரண்டாம் மாடிப் படிக்கட்டில் இருந்தார். ஓடிப்போய் வீடியோவைக் காட்டினேன். சித்தி பார்த்தார். மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தார். படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு சிரிப்பு தானாக அடங்கியது.

"குளிர்ச்சியான, இருட்டான இடம்னு போட்டிருந்துச்சு" என்றார். "அவனும் அந்த இடத்தைத்தானே தேடிப் படுத்திருக்கான். ரெண்டு பேரையும் ஒரே இடத்துல வெச்சது நான். தப்பு என்னோடது."

"கூட்டத்துல சொன்னா கோட்டைத் திரும்ப வாங்கிடுவாங்களே சித்தி. படிக்கட்டு வேலையும் போயிட்டா? ஆய்வகத்துலதான் ஏதோ குழப்பம்னு சொல்லிடலாம். உருளைக்கிழங்கே நாயாயிடுச்சுல்ல, எல்லாரும் நம்புவாங்க."

சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க யாரோ ஒரு பொண்ணு உட்கார்ந்து ஒழுங்கா வேலை பாக்குறா. அவ தலையில போடச் சொல்றியா? நீ படிச்சதெல்லாம் இதுக்குத்தானாடி?"

அன்றிரவு சித்தி கோட்டை மெத்தைக்கு அடியில் வைத்து, வழக்கத்தை விடச் சீக்கிரமே படுத்தார்.

ஞாயிறு பத்து மணிக்குக் கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். என் வாய்ஸ் மெசேஜின் புண்ணியத்தில் இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். சித்தி வெள்ளைக் கோட்டில், மேனேஜரை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் விட்டார். செருப்புப் பெட்டி என் கையில்.

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பதினைஞ்சு மாதிரி. பதினைஞ்சும் ஒரே நாய். விதிப்படி—"

"ஒரு நிமிஷம் சார்" என்றார் சித்தி. "விதிக்கு முன்னாடி நான் செஞ்ச தப்பைச் சொல்லிடறேன்."

ஒன்றுவிடாமல் சொன்னார். மூடி வெடித்தது, லேசாகத் திருகியது, கட்டிலுக்கு அடியில் வைத்தது, மேனேஜர் நக்கியது. வீடியோவையும் காட்டினேன். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. செயலாளர் முகத்தில் அசைவில்லை.

"நாய் டியூபை மோந்து பாத்தா மரபணு மாறிடுமா? காதுல பூ சுத்தாதீங்கம்மா."

நான் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு அக்கா எடுத்தார்.

"அக்கா, ஏழாம் மாடின்னு ஒரு டியூப் வந்துச்சுல்ல, அது உருளைக்கிழங்கு."

"நீங்க... உருளைக்கிழங்கா அனுப்புனீங்க?"

"வேகவெச்சது. உப்பு போடல."

"ஐயோ கடவுளே. கழிவுல நாயோட மரபணு ரொம்பக் கொஞ்சமாத்தான் இருக்கும்மா, அதுவும் சிதைஞ்சு போயிருக்கும். அது மேல ஒரு நாய் எச்சில் வெச்சா, எச்சில் வெச்ச நாய்தான் எங்களுக்குத் தெரியும். உருளைக்கிழங்குக்கு நாய் மரபணுவே கிடையாது. அப்போ அங்க தெரிஞ்சது முழுக்க எச்சில்தான்."

செயலாளர் விடவில்லை. எழுந்து வந்து பெட்டியிலிருந்து ஒரு டியூபை எடுத்து, மேனேஜரின் மூக்குக்கு நேரே நீட்டினார். "எல்லாரும் பாருங்க. இது தானா மூடியைத் திறக்குமாம்!"

மேனேஜர் அசையவில்லை. படுத்தபடி கூட்டத்தைப் பார்த்தான். சித்தி கோட்டின் நுனியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார். 'ஏழு வருஷமா சும்மாவே இருந்துட்டே, இன்னிக்கு ஒரு நாள் வேலை செய்டா' என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"பாத்தீங்களா?" என்றார் செயலாளர். "சும்மாதானே இரு—"

மேனேஜர் பெருமூச்சு விட்டான். கழுத்தை நீட்டினான். நாக்கால் ஒரு தட்டு, மூடி உருண்டு போய் ஒரு காருக்கு அடியில் நின்றது. பஞ்சுக் குச்சியை நக்கினான். பிறகு டியூபை, டியூபைப் பிடித்திருந்த விரல்களை, கைக்கடிகாரத்தை, சட்டையின் கை மடிப்பை, வரிசை மாறாமல் நக்கினான்.

"என்ன ஆச்சு? என்ன சத்தம்?" என்றார் போனில் அந்த அக்கா.

"செயலாளர் சாரை நக்கிட்டான் அக்கா."

"இப்போ டெஸ்ட் பண்ணா சாரும் மேனேஜர்தான் வருவாரு."

கார் நிறுத்தும் இடமே அதிர்ந்தது. சித்தப்பா மட்டும் "என்ன சொன்னாங்க? என்ன சொன்னாங்க?" என்று எல்லாரையும் உலுக்கிக்கொண்டிருந்தார். செயலாளர் கைக்குட்டையால் கையைத் துடைத்தார், பிறகு கடிகாரத்தைத் துடைத்தார். அவர் உதடு ஓரம் துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார்.

"சரி. பதினைஞ்சு மாதிரியும் செல்லாது. நாய் இருக்கட்டும்" என்றார்.

சித்தி குனிந்து மேனேஜரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவர் தோள் லேசாகக் குலுங்கியதைப் பின்னால் நின்ற நான் மட்டும் பார்த்தேன்.

திட்டம் தொடர வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அப்படியென்றால் டியூபுகளை நாய் எட்டாத ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், யார் வீட்டு ஃபிரிட்ஜில் என்று சித்தி கேட்டார். நாற்பத்தெட்டு வீடும் தரையைப் பார்த்தது. நியாயப்படி செயலாளர் வீட்டில்தான் என்று யாரோ சொன்னதும், செயலாளரின் மனைவி முதல் முறையாகக் கூட்டத்தில் வாய் திறந்தார்.

"என் ஃபிரிட்ஜ்லயா? பஞ்சுதான் தினமும் ஆறாம் மாடியிலயும் அஞ்சாம் மாடியிலயும் போகுதுன்னு எனக்கே தெரியும். இதைச் சொல்ல எதுக்குங்க கம்ப்யூட்டர்?"

அத்தோடு திட்டம் முடிந்தது.

கோட்டைத் திருப்பிக் கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை. சித்தி இப்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் படிக்கட்டு பெருக்குகிறார். ஏதாவது கிடந்தால் முறத்தில் அள்ளிக்கொண்டு நேராக ஒரு கதவைத் தட்டி, "சார், இது உங்களோடது" என்கிறார். இப்போதெல்லாம் யாரும் டேட்டா கேட்பதில்லை. உள்ளே போய்த் துணியும் தண்ணீரும் எடுத்து வருகிறார்கள். செயலாளர் பஞ்சுவைத் தினமும் இரண்டு வேளை வெளியே கூட்டிப்போகிறார். போகும் வழியில் எங்கள் அறை வாசலில் குனிந்து, "என்ன மேனேஜர்?" என்று கேட்கிறார். கையை மட்டும் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஒன்றைத் தவிர. என் வாய்ஸ் மெசேஜ் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் யாரோ ஒருவர் எங்கிருந்தோ மூன்று பேருந்து மாறி வந்து, நகல் நாயில் ஒன்று விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். சித்தி அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, என்னைக் கூப்பிட்டு, "நீயே சொல்லு" என்றார். சொன்னேன். அவர் நம்பவில்லை. "அந்தப் பொண்ணு அவ்ளோ பயந்து பேசியிருக்காளே" என்றார். அது பயம் இல்லை, படியேறினால் வரும் மூச்சிரைப்பு.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கலாம். நாயை யாரும் நகல் எடுக்கவில்லை, கணினி பொய் சொல்லவில்லை, ஆய்வகத்து அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தக் குரல் என்னுடையது. அதை உங்களுக்கு யார் அனுப்பினார்களோ அவர்களுக்கும், நீங்கள் யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கும் இந்தக் கதையை அனுப்பிவிடுங்கள். முதலில் என் அம்மாவுக்கு அனுப்புங்கள். நான் சொல்லி அவர் இன்னும் நம்பவில்லை.